தூண்டிலோடு நிறுத்திவிடாதீர்கள்: மேரிலாந்தில் மீன் பிடிக்கத் தொடங்கும் தமிழர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்த முதல் கோடையில் ஒரு தூண்டில் வாங்கிக்கொண்டு பக்கத்து ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். ஊர்க் கண்மாயில் மீன் பிடித்து வளர்ந்தவன் நான். குத்தகைக்காரர் பார்க்காத நேரமாகப் போக வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே விதி. அரை மணி நேரத்தில் சீருடை போட்ட அதிகாரி ஒருவர் வந்து லைசென்ஸ் கேட்டார். டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினேன். சிரித்துவிட்டு அபராதச் சீட்டு எழுதினார்.

அபராதத்தைக் கட்டிய எரிச்சலில்தான், இந்த லைசென்ஸ் காசு எங்கே போகிறது என்று தேடிப் படித்தேன். படித்தபோது கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. இந்த நாட்டின் மீன்வளத்துக்கும் காட்டுயிர்களுக்கும் மாநிலங்கள் செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு, தூண்டில்காரர்களும் வேட்டைக்காரர்களும் கொடுப்பது. பணம் கொடுப்பவர்களுக்குப் பேச இடமும் இருக்கிறது. நம்மவர்கள் முதல் பாதியைச் செய்துவிட்டு, அந்த இரண்டாவது பாதி இருப்பதே தெரியாமல் வீட்டுக்குப் போய்விடுகிறோம். நான் மேரிலாந்தில் இருப்பதால் உதாரணங்கள் இந்தப் பக்கத்தவை. மற்ற மாநிலங்களில் பெயர்கள் மாறும், ஏற்பாடு ஏறக்குறைய இதேதான்.

முதல் படி: சரியான லைசென்ஸ்

16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் தேவையில்லை. பெரியவர்களுக்கு வேண்டும். மேரிலாந்தில் கடல் ஏற்றவற்றம் எட்டும் நீருக்கு ஒரு லைசென்ஸ், எட்டாத ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் இன்னொன்று. டிரவுட் மீன் பிடிக்கப் போனால் அதற்குத் தனி அனுமதி ஸ்டாம்ப். பொட்டோமாக் ஆறு இதில் பெரிய தலைவலி. மேரிலாந்து, வர்ஜீனியா, வாஷிங்டன் என்று எந்தப் பக்கம், எந்தப் பகுதியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விதி மாறும். புறப்படும் முன் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

“நான் விசாவில் இருக்கிறேனே, உள்ளூர்க்காரர் கட்டணம் எனக்குக் கிடைக்குமா?” என்று பலர் கேட்கிறார்கள். குடியுரிமை வேறு, வசிப்பிடம் வேறு. மாநிலங்கள் பொதுவாகக் கேட்பது, இங்கே எத்தனை மாதமாகக் குடியிருக்கிறீர்கள் என்பதைத்தான். டெக்சஸ் போன்ற இடங்களில் ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கேட்பார்கள். அந்த எண் இல்லாதவர்கள் இணையத்தில் மல்லுக்கட்டாமல் துறையின் சேவை மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். அப்புறம், மாநில இயற்கை வளத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். அதே மாதிரி தோற்றம் காட்டி மேல்காசு பிடுங்கும் தளங்கள் உண்டு.

முதலில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பவர்களுக்கு, ஜூன் முதல் வாரத்தை ஒட்டிப் பல மாநிலங்கள் லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கச் சில நாட்கள் விடுகின்றன.

அந்தக் காசு போகும் வழி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெரியாதவரை லைசென்ஸ் கட்டணம் தண்டமாகத்தான் படும்.

1937-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. முன்வைத்த இருவரின் பெயரால் அதைப் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் என்பார்கள். வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான 11 சதவீத உற்பத்தி வரி அரசின் பொதுக் கணக்கில் கரையாமல் காட்டுயிர் மீட்புக்கே போக வேண்டும் என்பது ஏற்பாடு. 1950-ல் அதே அச்சில் மீனுக்கும் ஒரு சட்டம் வந்தது, டிங்கல்-ஜான்சன் சட்டம். தூண்டில், ரீல், முள், செயற்கை இரை எல்லாவற்றுக்கும் பொதுவாக 10 சதவீதம். தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோ கட்டிவிடுவதால் ரசீதில் அது தெரியாது. விலைக்குள்ளேயே இருக்கிறது. 1984-ல் மோட்டார் படகு எரிபொருள் வரியும் இதில் சேர்ந்தது.

இந்தப் பணத்தை மாநிலங்களுக்குப் பங்கு போடும் கணக்குதான் சுவாரசியம். மீன் நிதியில் 40 சதவீதம் மாநிலத்தின் பரப்பளவுக்கு, 60 சதவீதம் அங்கே லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கைக்கு. திட்டச் செலவில் முக்கால் பங்கு வரை மத்திய நிதி தரும், கால் பங்கை மாநிலம் போட வேண்டும். அந்தக் கால் பங்கு பெரும்பாலும் லைசென்ஸ் வருமானத்திலிருந்தே வருகிறது. ஆக, நீங்கள் கட்டும் ஒரு டாலர் மூன்று டாலரைக் கூட்டிக்கொண்டு வர முடியும். லைசென்ஸ் பணத்தை வேறு துறைக்குத் திருப்பும் மாநிலம் இந்த நிதிக்கான தகுதியையே இழக்கும். சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ரோடு போடப் பணமில்லை என்று ஆளுநர் கை வைக்க முடியாது.

வருடத்தில் இரண்டு நாள்கூடப் போகாத என் நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் லைசென்ஸைப் புதுப்பிக்கிறார். கேட்டால், “தலைக்கணக்குக்கு ஒரு தலை” என்பார்.

இந்தியாவில் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு, வேட்டைக்காரரும் காட்டுயிர்ப் பாதுகாப்பும் ஒரே வாக்கியத்தில் வருவது உறுத்தும். எனக்கும் உறுத்தியது. இங்கே கதை வேறு விதமாக நடந்தது. 19-ம் நூற்றாண்டில் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியே பயணிப் புறாவை அழித்தார்கள். கடைசிப் புறா மார்த்தா 1914-ல் சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் செத்தது. அந்த அழிவைப் பார்த்து, எண்ணிக்கை வரம்பும் பருவக் கட்டுப்பாடும் வேண்டும் என்று வாதாடியவர்களில் வேட்டைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பின்னாளில் அதிபரான தியடோர் ரூஸ்வெல்ட் 1887-லேயே நண்பர்களோடு பூன் அண்ட் கிராக்கெட் சங்கத்தை ஆரம்பித்தது இதற்காகத்தான். ஓட்டைகளும் உண்டு. பழங்குடியினரை அவர்களுடைய நிலத்திலிருந்து விரட்டிய கதையை இந்தப் பெருமைப் பேச்சு பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். சுடவோ பிடிக்கவோ ஆளில்லாத தவளை, தேனீ, சின்னப் பறவைகளுக்கு இந்த நிதியில் கிடைப்பது குறைவு. அதைச் சரிசெய்ய ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர் ஒதுக்கும் ஒரு மசோதா 2022-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறவில்லை.

இரண்டாவது படி: கரையில் நடந்துகொள்வது

அளவும் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் மாறும். போன வருடம் சரியாக இருந்தது இந்த வருடம் குற்றமாகலாம். ஒவ்வொரு முறையும் துறையின் தளத்தைப் பாருங்கள். அளவுகோல் ஒன்று பையிலேயே இருக்கட்டும்.

செசபீக் விரிகுடாவில் ராக்ஃபிஷ் என்று அழைக்கப்படும் கோடுபோட்ட பாஸ் மீனுக்கு இரை கோத்துப் போட்டால் வட்ட முள் கட்டாயம். சாதாரண முள்ளை மீன் விழுங்கிவிடும், வட்ட முள் வாயோரத்தில் மாட்டும். விடப் போகிற மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். கோடையில் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் குறைந்திருக்கும்போது, விட்ட மீனும் பல நேரம் பிழைக்காது. இதற்காகவே மேரிலாந்துத் துறை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நாள்வாரியாக முன்னறிவிப்பு வெளியிடுகிறது. காற்றின் வெப்பம் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் நாள் சிவப்பு. அன்றைக்கு ராக்ஃபிஷை விட்டுவிட்டு வேறு மீனைத் தேடுங்கள்.

படகுத்துறையில் ஒருவர் காகிதத்தோடு வந்து என்ன பிடித்தீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் ஒதுங்கிப் போகாதீர்கள். சீருடைக்காரர் அனுபவத்தால் நானே ஒருமுறை ஓடியிருக்கிறேன். அவர் அபராதம் போட வரவில்லை, கணக்கெடுக்க வந்தவர். நீங்கள் சொல்லும் “ஒன்றும் கிடைக்கவில்லை” என்பதும் தகவல்தான். அடுத்த ஆண்டு வரம்பு எவ்வளவு என்பதை அந்தக் கணக்குகளை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அடையாள வில்லை மாட்டிய மீன் கிடைத்தால் அதிலுள்ள எண்ணைத் தெரிவியுங்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமைக்கும் முன், எந்த நீர்நிலையின் எந்த மீனை மாதத்தில் எத்தனை வேளை சாப்பிடலாம் என்ற மாநிலப் பட்டியலைப் பாருங்கள். பாதரசமும் பழைய தொழிற்சாலை நச்சுகளும் பெரிய மீன்களில் சேர்ந்திருக்கும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் இது முக்கியம்.

விராலைக் கொல்லுங்கள், சாப்பிடுங்கள்

இந்த இடத்தில் தமிழர்களுக்கு ஒரு வரம் இருக்கிறது. 2002-ல் மேரிலாந்தின் கிராஃப்டன் ஊரில் ஒரு குளத்தில் நம் விராலின் நெருங்கிய உறவான ஒரு மீனைக் கண்டுபிடித்து நாடே அலறியது. வடக்கத்தி ஸ்னேக்ஹெட், ஆசியாவிலிருந்து வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பொட்டோமாக் ஆற்றிலும் பரவிவிட்டது. உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கிறது என்ற பயத்தில், பிடித்தால் கொன்றுவிடுங்கள் என்று அரசே கேட்டுக்கொள்கிறது. அமெரிக்கர்கள் சாப்பிடத் தயங்கியதால், சந்தையில் எடுபட 2024-ல் செசபீக் சன்னா என்று பெயரையே மாற்றிப் பார்த்தார்கள். சன்னா என்பது அதன் அறிவியல் பெயரின் முதல் பாதி. சுண்டலென்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உயிரோடு கொண்டுபோவது சட்டப்படி குற்றம். விரால் தண்ணீர் இல்லாமலும் நெடுநேரம் உயிரோடிருக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர்ச் சந்தையில் தொட்டியில் துள்ளத் துள்ள வாங்கிய பழக்கத்தில் வாளித் தண்ணீரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கரையிலேயே கொன்று பனிக்கட்டியில் போடுங்கள். குழம்புக்கு ருசி ஒன்றும் குறையாது.

மீனைத் தொட மாட்டேன் என்பவர்களுக்கு

சைவக் குடும்பத்தாருக்கும், பறவை பார்க்கப் பைனாகுலரோடு திரிபவர்களுக்கும் மத்திய அரசு விற்கும் வாத்து ஸ்டாம்பைச் சொல்வேன். 1934-ல் நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் கட்டாயம் வாங்க வேண்டும் என்று ஒரு டாலருக்குத் தொடங்கியது. முதல் ஸ்டாம்பின் படத்தை வரைந்தவர் ஜே டார்லிங் என்ற பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட். இப்போது விலை 25 டாலர், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் அப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள். கையில் ஸ்டாம்ப் இருந்தால், நுழைவுக் கட்டணம் வாங்கும் தேசியக் காட்டுயிர்ப் புகலிடங்களுக்குள் அதைக் காட்டியே போகலாம். மேரிலாந்தில் பிளாக்வாட்டர் புகலிடத்துக்குக் குளிர்காலத்தில் குடும்பத்தோடு போய் வாருங்கள். வலசை வந்த வாத்துகளையும் வெண்தலைக் கழுகுகளையும் காரில் இருந்தபடியே பார்க்கலாம்.

துப்பாக்கி வேட்டை பற்றி இரண்டு வார்த்தை. பெரும்பாலும் முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேற வேண்டும். விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. ஆனால் இதில் சின்னப் பிழைகூடக் குடியேற்ற நிலையையே பாதிக்கும். வழக்கறிஞரிடம் கேட்காமல், நண்பருடையதாக இருந்தாலும், கையில் வாங்காதீர்கள்.

மூன்றாவது படி: ஒரு சங்கத்தில் சேருங்கள், ஒன்றே ஒன்றில்

டிரவுட் அன்லிமிடெட் 1959-ல் மிச்சிகனில் ஓடைக்கரையில் தொடங்கியது, டக்ஸ் அன்லிமிடெட் 1937-ல் தொடங்கியது. பொது நிலங்களுக்காகக் குரல் கொடுக்க பேக்கன்ட்ரி ஹன்டர்ஸ் அண்ட் ஆங்லர்ஸ் இருக்கிறது. ஆர்வத்தில் நான்கில் சேர்ந்தால் நாலு பத்திரிகையும் நூறு மின்னஞ்சலும்தான் வரும். உங்கள் ஊரில் மாதாமாதம் கூடும் கிளை எதற்கு இருக்கிறதோ அதில் சேருங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது ஐசக் வால்டன் லீக். 1922-ல் சிகாகோவில் தூண்டில்காரர்கள் தொடங்கியது, தலைமையகம் இங்கே கெய்தர்ஸ்பர்க்கில். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு ஓடையில் எவ்வளவு கலக்கிறது என்று பார்க்கச் சோதனைப் பட்டைகள் அனுப்புகிறார்கள். பிள்ளைகளோடு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடையில் நனைத்து, அளவைப் படித்து அனுப்ப வேண்டியதுதான். பத்து நிமிட வேலை. ஆனால் ஒரு ஓடையை ஐந்து குளிர்காலம் அளந்தவர் கவுன்டி கூட்டத்தில் எழுந்து பேசினால் தட்டிக்கழிக்க முடியாது.

நான்காவது படி: பேசுங்கள்

ராக்ஃபிஷ் கதையைச் சொன்னால் இது ஏன் என்று புரியும். 1970-களின் இறுதியில் அந்த மீன் சரியத் தொடங்கியது. 1984-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது: கடலோர மாநிலங்கள் சேர்ந்து எடுக்கும் மீட்புத் திட்டத்துக்கு எந்த மாநிலம் ஒத்துழைக்கவில்லையோ, அங்கே ராக்ஃபிஷ் பிடிப்பையே மத்திய அரசு நிறுத்தலாம். மேரிலாந்து 1985 ஜனவரியில் முழுத்தடை போட்டது. மாநிலத்தின் அடையாளமே இந்த மீன், அதைப் பிடிக்கக் கூடாது என்றால் எப்படியிருந்திருக்கும்! 1990-ல்தான் திறந்தார்கள், 1995-ல் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். அண்மை ஆண்டுகளில் மறுபடி சரிவு. 2015-ல் பிறந்த பெரிய கூட்டத்தைக் காப்பாற்ற, கடலோரத்தில் 28 முதல் 31 அங்குலம் வரையுள்ள மீனை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் அவசர விதி வந்தது.

இந்த முடிவுகளை எடுப்பது 1942-ல் உருவான அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம், 15 மாநிலங்கள் சேர்ந்தது. பெரிய மாற்றம் ஒன்றைக் கொண்டுவரும் முன் வரைவை வெளியிட்டு, மாநிலவாரியாகக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பார்கள். ராக்ஃபிஷின் தீனியான மென்ஹேடன் என்ற எண்ணெய் மீன் விஷயத்திலும் இப்படித்தான். விரிகுடாவிலிருந்து தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் ஆண்டுக்கு 51,000 மெட்ரிக் டன் வரை அள்ளலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. அது அதிகம் என்று தூண்டில்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2020-ல், மென்ஹேடனைத் தின்னும் மீன்களின் தேவையையும் கணக்கில் எடுத்தே அளவு வைக்க வேண்டும் என்று ஆணையம் ஏற்றுக்கொண்டது.

சத்தம் போட்டால் நடக்கும் என்பதற்கு 2017 நல்ல உதாரணம். மேற்கு மாநிலங்களில் 33 லட்சம் ஏக்கர் பொது நிலத்தை விற்க யூட்டாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜேசன் சாஃபெட்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் பொங்கியதில் சில நாட்களிலேயே பின்வாங்கினார். அறிவித்தது இன்ஸ்டாகிராமில், நாயைக் கையில் பிடித்தபடி, நானும் வேட்டைக்காரன்தான் என்று சொல்லிக்கொண்டு.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? மாநிலத் துறையின் மின்னஞ்சல் அறிவிப்புப் பட்டியலில் சேருங்கள். மத்திய அரசின் வரைவு விதிகள் வந்தால் பெரும்பாலும் 30 அல்லது 60 நாள் அவகாசத்தில் இணையத்திலேயே கருத்து எழுதலாம். சங்கம் அனுப்பும் அச்சடித்த கடிதத்தை அப்படியே அனுப்பினால் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாகப் போகும். நாலு வரி போதும், ஆனால் உங்களுடையதாக இருக்கட்டும். எந்த ஊர், ஆண்டுக்கு எத்தனை நாள் எங்கே பிடிக்கிறீர்கள், வரைவின் எந்த எண்ணுள்ள பிரிவில் எந்தத் தெரிவை ஆதரிக்கிறீர்கள், ஏன். “போன ஜூலையில் பத்து மீன் விட்டேன், மூன்று மிதந்தது” என்று எழுதினால் படிப்பவர் நின்று படிப்பார். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை, எச்-1பியில் இருப்பவரும் எழுதலாம், கூட்டத்தில் பேசலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் எந்தத் தேர்தல் வேட்பாளருக்கும் நன்கொடை தரக்கூடாது, பத்து டாலர்கூட. லாப நோக்கற்ற சங்கத்தின் சந்தா வேறு, அதன் அரசியல் நிதிக் குழு வேறு. கட்டும்போது எதற்கென்று பார்த்துக் கட்டுங்கள்.

நான் முதலில் போன கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முப்பது பேர்கூட இல்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டார்கள். பெயர் கொடுத்தால் பேச ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள், ஆங்கிலம் தடுமாறும் என்று பயந்தால் எழுதிவைத்துப் படிக்கலாம், நான் அப்படித்தான் செய்தேன். முடிந்ததும் நண்டு பிடிக்கும் தொழில்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, நான் சொன்னதில் பாதி தப்பு என்று வாகன நிறுத்தத்தில் நின்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அவர் சொன்னதில் பாதி சரி. அதற்கப்புறம் அவரும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்று போட்டிருப்பார்கள், ஒன்பதுக்கு முன் விடமாட்டார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள்.